லோகாட்: வீட்டுத் தோட்டப் பழமரம்

லோகாட் (எரியோபோட்ரியா ஜப்பானிகா) ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறாப் பழமரம். ஆப்பிளுக்கும் பேரிக்கும் நெருங்கிய உறவு. 5 முதல் 10 மீட்டர் வரை வளரும். விளிம்பில் பற்கள் கொண்ட நீண்ட, தடித்த இலைகளின் அடிப்புறத்தில் செம்பழுப்பு மென்மயிர் படர்ந்திருக்கும். கொத்தாகக் காய்க்கும் பழம் 3 முதல் 5 செ.மீ. நீளமுடையது, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தோல், இனிப்பும் புளிப்பும் கலந்த சாறு நிறைந்த சதை, உள்ளே வழவழப்பான பழுப்பு விதைகள். குளிர்காலத்துக்குச் சற்று முன் பூத்து, குளிரைக் கடந்து, கோடை முகத்தில் பழுப்பது இதன் தனிப்பண்பு. திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் ஒரு வீட்டு முற்றத்தில் இம்மரம் காய்க்குமா என்பதையும் இப்பண்பே முடிவு செய்கிறது.

பெயரும் வகைப்பாடும்

லோகாட் என்பது கண்டோனீயச் சீனச் சொல்லின் திரிபு. அச்சொல் முதலில் கும்குவாட் என்னும் சிற்றாரஞ்சையே குறித்தது. பின்னர் இப்பழத்துக்கு மாறியது. சீன மொழியில் இதன் பொதுப்பெயர் பிபா; அதே ஒலியுடைய பெயர் கொண்ட நரம்பிசைக் கருவியும் அங்கு உண்டு. கன்னடத்தில் லக்கோட்டே என்பர்.

1775–76இல் ஜப்பானில் தங்கிய சுவீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க், 1780இல் இதை மெஸ்பிலஸ் ஜப்பானிகா என விவரித்தார். 1790இல் லோரெய்ரோ கிரட்டீகஸ் பிபாஸ் என்று பெயரிட்டார். ஜான் லிண்ட்லி 1821இல் எரியோபோட்ரியா என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். கிரேக்கத்தில் எரியோன் என்றால் கம்பளி மயிர், போட்ரிஸ் என்றால் கொத்து. மயிரடர்ந்த பூங்கொத்தைப் பார்த்தவர் எவரும் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். 2020இல் சில ஆய்வாளர்கள் இப்பேரினத்தை ராஃபியோலெபிஸ் பேரினத்தோடு இணைத்தனர். ஆயினும் தோட்டக்கலையில் லிண்ட்லியின் பெயரே வேரூன்றி நிற்கிறது.

வரலாறு

அறிவியல் பெயரில் ஜப்பான் இருந்தாலும் தாயகம் சீனமே. சிச்சுவான் மாநிலத்தில் தாது ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டு மரங்கள் இன்றும் உள்ளன. சீனத்தில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகவும் ஜப்பானில் 1,000 ஆண்டுகளுக்கு மேலாகவும் பயிராகிறது. 1784இல் பாரிசுக்கும் 1787இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கும் சென்றது.

ஜப்பானின் புகழ்பெற்ற இரு வகைகளும் வீட்டு முற்றத்தில் பிறந்தவை என்பது நினைவில் வைக்கத் தக்கது. நாகசாகியில் பணிபுரிந்த மியூரா ஷியோ என்ற பெண், சீனத்திலிருந்து வந்த பழத்தின் விதையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோகி ஊரில் ஊன்றினார். அதுவே மோகி வகை. 1879இல் நாகசாகியில் உண்ட பெரும்பழத்தின் விதையைத் தோக்கியோவுக்குக் கொண்டுசென்று வளர்த்தவர் தனாகா யோஷியோ. அவர் பெயரால் அமைந்த தனாகா வகை இந்தியாவரை வந்துள்ளது. கோல்டன் யெல்லோ, பேல் யெல்லோ, கலிஃபோர்னியா அட்வான்ஸ், தேம்ஸ் பிரைடு ஆகியனவும் இந்தியாவில் வளர்க்கப்படும் வகைகள்.

மலையும் கடற்கரையும்

தென்னிந்தியாவில் லோகாட்டின் இயல்பான இடம் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைநிலமும் பெங்களூர் மேட்டுநிலமும் ஆகும். குவாத்தமாலாவில் 900 முதல் 2,100 மீட்டர் உயரத்தில் நன்கு காய்க்கும் இம்மரம், தாழ்நிலத்தில் அரிதாகவே காய்க்கிறது.

பழவங்காடி கடல்மட்டத்தை ஒட்டிய நகர நடுப்பகுதி. ஆண்டின் எந்த மாதத்திலும் சராசரி இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. பூ தோன்ற வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் துலாமழை பெய்கிறது. எனவே அங்கு மரம் தழைக்கும், நிழல் தரும். பழத்தை எதிர்பார்த்து நடுவது வீண். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடி போன்ற இடங்களே இதே மாவட்டத்தில் இதற்கு ஏற்ற சூழலை ஒத்தவை.

வளர்ப்பு

விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் குன்றும். பழத்திலிருந்து எடுத்தவுடன் ஊன்ற வேண்டும். விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிராது. காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று அல்லது விண்பதியன் விரைவில் பலன் தரும். சில வகைகள் தம் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. ஆகவே இரு வகைகளை அருகருகே நடுவது நல்லது.

நீர் தேங்கினால் வேர் அழுகும். திருவனந்தபுரத்துச் செம்புரை மண்ணில் மேடமைத்து, மக்கிய சாணமிட்டு, புளிப்பு மிகுந்தால் சுண்ணாம்பு சேர்த்து நட வேண்டும். வேர் மேலோட்டமானது, அடிமரத்தைச் சுற்றி ஆழக் கொத்தக் கூடாது, சருகு மூடாக்கே சிறந்தது. கொத்தில் சில காய்களைக் கிள்ளிவிட்டால் எஞ்சியவை பருக்கும். பழ ஈ, சின்னான், வௌவால் ஆகியவற்றிலிருந்து காக்கக் கொத்துக்குக் காகித உறை கட்டுவது ஜப்பானிய முறை. விதையில் சயனைடு உண்டாக்கும் அமிக்டலின் இருப்பதால் குழந்தைகள் கடித்து விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறித்தபின் இப்பழம் இனிப்பேறுவதில்லை. மரத்திலேயே பழுக்க வேண்டும். பழுத்தபின் கைபட்டாலே கன்றிவிடும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு போன்ற சந்தைகளுக்குத் தொலைவிலிருந்து அனுப்பத் தகாத பழம் இது. மரம் வைத்திருப்பவருக்கே அதன் முழுச்சுவை கிட்டும். வீட்டுத் தோட்டத்துக்கு இது உரியதாவது அதனால்தான்.

இன்றைய நிலை

உலக உற்பத்தியில் சீனம் முதலிடத்தில் உள்ளது. ஏற்றுமதியில் ஸ்பெயின் முன்னிற்கிறது. இந்தியாவில் உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பயிரிடப்படுகிறது.