குறியேற்றம் மாறிய பாசுரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் பாசுரங்கள், ஏட்டிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து கணினிக்கும் வந்தபின், கணினிக்குள்ளேயே மீண்டும் ஒருமுறை இடம்பெயர நேர்ந்தது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், இப்பாசுரங்கள் அடங்கிய திவ்வியப் பிரபந்தம் உள்ளிட்ட நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்பதிப்புகளாக்கியபோது, எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் முறையான குறியேற்றம் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டதால், உரிய எழுத்துரு இல்லாத வீட்டுக் கணினியில் பாசுரம் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தது.

பின்னர் வழக்குக்கு வந்த திஸ்கி என்னும் தமிழ்க் குறியேற்றம், 256 இடங்களில் முற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுப் பிற்பாதியில் தமிழை அமைத்தது. பல மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தும், வீடுகளில் பரவியிருந்த விண்டோஸ் 95, 98 ஆகியவை அதற்கு ஆதரவளிக்காமையால், விண்டோஸ் 2000 வந்த பின்னரே வழி பிறந்தது. கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதும் கணினியை மேம்படுத்துவதும் இவ்வாறு ஒரே பணியாயின.

கோப்பு மாற்றம் எண்ணுக்கு எண் மாற்றும் எளிய வேலையன்று. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பதிவாக, யூனிகோடில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்பதால், மாற்றி எனப்படும் நிரல் துண்டுகளை வரிசை மாற்றிக் கோக்க வேண்டியிருந்தது. ஏடுகளைப் படியெடுத்துக் காத்தவர்களின் உழைப்புக்கு நிகராக வைத்து எண்ணத்தக்க இப்பணியின் பயனாக, மதுரைத் திட்டம் 2004 முதல் யூனிகோடுப் பதிப்புகளை வெளியிட்டது. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.