இரவில் காணாமற்போன கட்டளை



மோர்னிங்சைட்டில் வசிக்கும் நம் முதியவர்கள் ஊரைவிட்டு வந்த கதையைச் சொல்லச் சொல்ல, நாங்கள் ஒலிப்பதிவு செய்து ஒரு பழைய லினக்ஸ் கணினியில் சேர்த்து வந்தோம். இரவு இரண்டு மணிக்கு அவை இன்னொரு வன்தட்டுக்குத் தாமாகவே பிரதியாகும்படி ஒழுங்கு செய்தவன் நான்தான். மூன்று மாதத்தின் பின் முதல் வன்தட்டு பழுதானது. போய்ப் பார்த்தால் பிரதி ஒன்றுகூட இல்லை. கணினி இரவுதோறும் தன் உள் அஞ்சற்பெட்டியில் ஒரே வரியை எழுதி வைத்திருந்தது: 'கொமாண்ட் நொட் பவுண்ட்', கட்டளை காணப்படவில்லை. அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

அதே கட்டளையைப் பகலில் நான் தட்டச்சு செய்தால் ஓடுகிறது! கணக்குப் பிழைத்தால் பழைய பேரேட்டைப் புரட்டுவது என் தொழிற்பழக்கம். புரட்டியதில் யுனிக்ஸின் தொடக்க நாட்களுக்கே போய்ச் சேர்ந்தேன்.

1969இல் நியூ ஜேர்சியில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்களோடு அங்கே வேலை செய்த பிறயன் கேர்ணிகன் நம் ரொறன்ரோவில் 1942இல் பிறந்து, 1964இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். யுனிக்ஸ் கட்டளைகள் என்பவை சிறு நிரல்கள். அவை 'பின்' என்ற கோப்புறையில் இருந்தன. இது நம்முடைய முன், பின் அல்ல. 'பைனரி' என்பதன் சுருக்கம். அன்றைய வட்டுகளோ மிகச் சிறியவை. முதல் வட்டு நிரம்பியதும், பாவனையாளரின் கோப்புகள் இருந்த மற்ற வட்டில் 'யூசர்' என்பதன்கீழ் இன்னொரு 'பின்' திறந்தார்கள். ஊரில் வீடு போதாவிட்டால் பத்தி இறக்குவோமே, அப்படி. அந்தப் பத்தி இன்றும் நிற்கிறது.

கட்டளையை எங்கே தேடுவது என்பது ஆரம்பத்தில் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில், ஸ்டீவன் போர்ன் எழுதிய 'ஷெல்' அந்தப் பட்டியலைப் பாவனையாளர் கையில் கொடுத்தது. அதன் பெயர் 'பாத்'. பட்டியலிலுள்ள கோப்புறைகளை ஷெல் வரிசையாகப் பார்க்கும். அவற்றில் இல்லையென்றால், கட்டளை வேறொரு கோப்புறையில் பத்திரமாக இருந்தாலும் காணப்படவில்லை என்றே சொல்லும்.

பகலில் என் பட்டியல் நீளமானது. இரவு வேலையைச் செய்யும் 'குரொன்' அதை வாசிப்பதில்லை. அந்தப் பழைய இரண்டு 'பின்'களை மட்டுமே பார்க்கும். என் பிரதி நிரலோ நான் பிறகு நிறுவியது, 'லோக்கல்' என்ற மூன்றாம் இடத்தில் கிடந்தது. 'விச்' என்று தட்டி, கட்டளையின் பெயரையும் கொடுத்தால் முழு முகவரியைக் காட்டும். அதைக் குரொன் கோப்பில் எழுதினேன். அன்றிரவே ஓடியது.

பதிவு இழந்தவர்களின் வீடுகளுக்கு மறுபடி போனோம். தேநீர் தந்து, மறுபடி சொன்னார்கள். ஓர் அம்மா மட்டும் அதற்கிடையில் காலமாகிவிட்டார். அவருடைய பதிவு அட்டையில் பெயரும் திகதியும் மட்டுமே இருக்கின்றன.