1970ஆம் ஆண்டு வங்கச் சூறாவளி: சேத மதிப்பீடும் சர்வதேச நிவாரணமும் – ஒரு வரலாற்று நோக்கு

அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் வரலாற்று நூல்களிற் பெறும் இடத்தைப் புயலும் கடற்பெருக்கும் பெறுவதில்லை. ஆயினும், ஓர் அனர்த்தத்தின் பின் இறந்தோரை எண்ணுபவர் யார், எஞ்சியோரின் தேவையைத் தீர்மானிப்பவர் யார், வெளிநாட்டு உதவி எவ்வழியாக உள்ளே வருகின்றது என்னும் வினாக்கள் அரசியல் வரலாற்றின் நடுவே நிற்பவை. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளி இதற்குத் தக்க சான்றாகும். சேத மதிப்பீடு வெறும் கணக்கெடுப்பன்று. ஓர் அரசு தன் குடிகளை எவ்வளவுக்குப் பொருட்படுத்துகின்றது என்பதன் அளவுகோலும் அதுவே என்பதை இந்நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் வங்காள விரிகுடாவிற் கலக்குமிடத்தில் வண்டல் படிந்து தாழ்ந்த தீவுகள் தோன்றுகின்றன. வங்காளிகள் இவற்றைச் 'சார்' என்பர். நிலமற்ற உழவரும் மீனவருமே இவற்றிற் குடியேறினர். குடிப்பெருக்கமும் வறுமையும் அவர்களைக் கடலின் வாயிலுக்கே தள்ளியிருந்தன. நவம்பர் 12ஆம் திகதி இரவு, கடல் உயர்பெருக்கில் இருந்த வேளையிற் சூறாவளி கரையைத் தாக்கியது. சில இடங்களில் 6 மீற்றருக்கும் மேலாக எழுந்த நீர் போலா, மன்புரா, ஹத்தியா முதலிய தீவுகளை மூடிச் சென்றது. அறுவடைக்கு அண்மித்திருந்த நெற்பயிரும் உழவுமாடுகளும் படகுகளும் ஒருங்கே அழிந்தன.

இறந்தோர் தொகை 3 இலட்சம் என்றும் 5 இலட்சம் என்றும் நூல்கள் கூறுகின்றன. இவ்விரு எண்களுக்கும் இடையில் 2 இலட்சம் உயிர்கள் நிற்கின்றன. ஒரு நகரத்து மக்கட்டொகைக்கு ஒப்பான வேறுபாடு ஏடுகளில் தீர்க்கப்படாதிருப்பது, அம்மக்கள் உயிரோடிருந்த காலத்திலும் அரசின் பதிவேடுகளிற் செம்மையாக இடம்பெறவில்லை என்பதையே உணர்த்துகின்றது.

இச்சூழலிற் குறிப்பிடத்தக்க முயற்சியொன்று டாக்காவில் இயங்கிய கொலரா ஆராய்ச்சி நிலையத்தினரால் மேற்கொள்ளப்பட்டது. அல்பிரட் சோமர், வைலி மோஸ்லி ஆகிய மருத்துவர்களின் தலைமையில் அனர்த்தம் நிகழ்ந்து சில வாரங்களுக்குள் ஓர் ஆய்வும், 1971இன் தொடக்கத்தில் விரிவான இன்னோர் ஆய்வும் நடைபெற்றன. முடிவுகள் 1972இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தன. பாதிக்கப்பட்ட பகுதி மக்களுள் சராசரி 16.5 வீதத்தினர், அதாவது குறைந்தது 224,000 பேர், மாண்டனர் என அவர்கள் கணித்தனர். 'குறைந்தது' என்னும் சொல் ஈண்டு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பிழைத்தோரை வினவியே இறந்தோரை எண்ணினர். எனவே ஒருவரும் எஞ்சாது அழிந்த குடும்பங்களும், அறுவடைக்கென வேற்றூரிலிருந்து வந்திருந்த கூலியாட்களும் கணக்கில் வரவில்லை.

மாண்டோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர். பிழைத்தோர் பலரின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் ஆழ்ந்த சிராய்ப்புகள் காணப்பட்டன. இரவு முழுவதும் மரங்களைப் பற்றியிருந்ததன் அடையாளங்கள் அவை. மரத்தைப் பற்றும் வலிமையற்றவரே பெருந்தொகையாக இறந்தனர். புயல் வருவதைப் பத்தில் ஒன்பது பேர் அறிந்திருந்தும், உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியோர் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தனர். எச்சரிக்கை கிடைத்ததாயினும், ஒதுங்க இடமில்லாதவனுக்கு அதனால் விளையும் பயன் யாது? மேலும், மருந்தைவிட உணவும் உறைவிடமும் உழவுக்கான சாதனங்களுமே மிகுதியும் தேவைப்பட்டன என்பதையும் இவ்வாய்வுகள் புலப்படுத்தின. தேவையை அறியாது அனுப்பப்படும் உதவி, எத்துணை நல்லெண்ணத்துடன் வரினும், உரியவரைச் சென்றடைவதில்லை.

நிவாரணப் பணியோ தாமதத்தாலும் ஐயுறவாலும் பீடிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து வந்தன. அமெரிக்க ஹெலிகொப்டர்களும் வந்தன. மத்திய அரசின் ஹெலிகொப்டர்களோ பெரும்பாலும் மேற்குப் பாகிஸ்தானிலேயே நின்றன. அயல்நாடான இந்தியா வான்வழி உதவி செய்ய முன்வந்தபோது அது ஏற்கப்படாமையால் பொருள்கள் தரைவழியே மெதுவாகச் சென்றன. மௌலானா பாஷானி முதலிய தலைவர்கள் மத்திய அரசைக் கடுமையாகக் கண்டித்தனர். நிவாரணத்தில் தவறுகள் நேர்ந்தன என ஜனாதிபதி யாஹியா கானே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. டிசம்பர் 7இல் தொடங்கிய பொதுத்தேர்தலில், கிழக்குப் பாகிஸ்தானுக்குரிய 162 பொதுத் தொகுதிகளுள் 160ஐ அவாமி லீக் கைப்பற்றியது. சூறாவளியே பங்களாதேஷைத் தோற்றுவித்தது எனக் கூறுதல் மிகைப்படுத்தலாகும். மொழிப் போராட்டமும் 1966ஆம் ஆண்டின் ஆறு அம்சக் கோரிக்கையும் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தன. ஆயினும், நெடுங்காலப் புறக்கணிப்பைச் சாதாரண குடியானவனின் கண்முன் நிறுத்தியது அந்நவம்பர் மாதமே எனலாம்.

சர்வதேச அரங்கிலும் இதன் தாக்கம் உணரப்பட்டது. உதவி பல நாடுகளிலிருந்து வந்தபோதும் அதனை ஒழுங்குபடுத்தும் நிலையான அமைப்பு ஐக்கிய நாடுகள் சபையிடம் இருக்கவில்லை. 1971 டிசம்பர் 14இல், டாக்காவிற் பாகிஸ்தானியப் படை சரணடைவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்னர், பொதுச்சபை தனது 2816ஆம் தீர்மானத்தின் மூலம் அனர்த்த நிவாரண ஒருங்கிணைப்பாளர் பதவியை உருவாக்கியது. இவ்வலுவலகமே பின்னர் மாற்றங்களுக்குட்பட்டு, 1998 முதல் மனிதாபிமான விவகாரங்களை ஒருங்கிணைக்கும் அலுவலகமாக இயங்கி வருகின்றது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, 1970இல் இல்லாதிருந்த சர்வதேச ஒருங்கிணைப்பு அமைப்பு இங்கு வந்து பணியாற்றியது. ஆனால் பழைய வினா தீரவில்லை. வடக்குக் கிழக்கில் நிவாரணத்தைப் பகிர்வதற்கென அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒப்பமிட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளை, அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவால் நிறுத்தியது. சட்ட நியாயங்கள் எவையாயினும், அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் கூடாரங்களில் இருந்தோருக்கு அதன் பொருள் மேலுமொரு காத்திருப்பேயாகும்.

ஆகவே, கப்பல்களும் வானூர்திகளும் பெருநிதியும் மட்டும் நிவாரணமாகிவிடா. பாதிக்கப்பட்டோர் அனைவரையும் பாகுபாடின்றி எண்ணுவதும், அவர்தம் தேவையை அவர்தம் வாயாலேயே கேட்டறிவதும் அதன் முதற்படியாகும். அப்பணிக்கான பதிவேடுகளும் புகலிடங்களும் நம்பிக்கையும் அனர்த்தத்துக்கு முன்னரே அமைக்கப்படவேண்டியவை. மேக்னா முகத்துவாரத்தில் ஒருவரும் எஞ்சாது அழிந்த குடும்பங்கள் எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. அடுத்த அனர்த்தத்திலேனும் அந்நிலை நேராதிருக்க, கரையோர மக்களைப் பற்றிய நமது அறிவை இன்றே செம்மைப்படுத்துதல் அரசினதும் பல்கலைக்கழகங்களினதும் கடமையாகும்.