தீவகத்து ஒளிநாடாக்கள்

1990 ஆம் ஆண்டுப் போரினால் ஊர்காவற்றுறை, வேலணை முதலாய தீவக ஊர்களினின்றும் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். கடல்கடந்து சென்றோர் பலருக்கு நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா ஒளிநாடா வழியாகவே காட்சி தந்தது. 1995 இல் எண்மமுறை நாடா அறிமுகமாயிற்று. ஒருமணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒருமணி நேரமே செல்லும். ஆயின் வன்தட்டில் அது ஏறக்குறைய 13 கிகாபைற்று இடங்கொள்ளும். அக்காலத்துக் கணினிகள் பலவற்றின் கோப்புமுறை 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பினை ஏற்காமையால், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கொரு முறை பதிவு துண்டாயிற்று. தேர் வீதியில் நின்றதா நகர்ந்ததா என்பதைக் கணினி அறியாதன்றோ! நாடாவிற் பதிந்துள்ள நாள், நேரக் குறிப்பைக் கொண்டு காட்சிதோறும் பிரித்தலே வரலாற்று மாணவனுக்கு உகந்தது. இறுவட்டுக்கு மாற்றுகையில் அக்குறிப்பு பெரும்பாலும் அற்றுப்போகும். மாற்றியபின் நாடாவை எறிவோர், திருவிழா எவ்வாண்டினது என்பதற்கான சான்றையும் எறிந்துவிடுகின்றனர்.