இன்வாய்ஸ் சரி, தொகை சரி... அக்கவுன்ட் நம்பர் மட்டும் வேற! - ஆம்பூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு ஓர் அலெர்ட்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தத் தோல் தொழில் பகுதிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, டிரம் சுற்றும் டேனரியும் தையல் லைன் ஓடும் ஷூ கம்பெனியும். இன்னொன்று, அதே காம்பவுண்டுக்குள் நாலு கம்ப்யூட்டரோடு இயங்கும் டாக்குமென்ட் செக்‌ஷன். சாம்பிள் அப்ரூவல், ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் என ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போக வேண்டிய பேப்பர் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். அதில் பெரும்பகுதி மெயில்.

சரக்கு கிடங்குக்குப் பூட்டு, வாட்ச்மேன், சிசிடிவி எல்லாம் இருக்கும். மெயிலுக்கு? பல இடங்களில் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு, நாலு பேர் கையில். இந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்க ஏற்றுமதி, இறக்குமதி நிறுவனங்கள் பணத்தை இழக்கின்றன. இதற்கு 'பிசினஸ் இ-மெயில் காம்ப்ரமைஸ்' என்று பெயர். சுருக்கமாக, பி.இ.சி. 2024-ல் மட்டும் இந்த வகை மோசடி பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ-க்கு வந்த புகார்கள் 21,442. அதில் இழந்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 277 கோடி டாலர்.

இதில் கம்ப்யூட்டரை உடைக்கும் வேலை ரொம்பக் கம்மி. நம்முடைய வழக்கத்தைப் படித்துவிட்டு, அந்த வழக்கத்துக்குள்ளேயே புகுந்து அடிப்பதுதான் டெக்னிக்.

எப்படி உள்ளே வருகிறார்கள்?

ஓர் உதாரணம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஐரோப்பாவில் ஒரு பையர். 10 வருஷப் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கம்பெனிக்கு ஒரு மெயில் வரும். 'ஆர்டர் காப்பி இணைப்பில் இருக்கிறது' என்பார்கள். க்ளிக் செய்தால் மெயில் லாகின் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். பாஸ்வேர்டு போட்டால் ஒன்றும் நடக்காது. 'நெட் ஸ்லோ போல' என்று விட்டுவிடுவோம். பாஸ்வேர்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து திருடன் சத்தமே போடாமல் ஒரு வேலை செய்வான். வரும் மெயில்களின் காப்பி தனக்கும் வரும்படி ஃபார்வர்டிங் ரூல் போட்டுவிடுவான். அப்புறம் வாரக்கணக்கில் படிப்பான். யார் யாருக்கு எழுதுகிறார், எந்த கன்டெய்னர் எப்போது கிளம்புகிறது, முதலாளி எப்போது வெளியூர் போகிறார்... எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

இன்வாய்ஸ் போகும் நேரத்தில் பையருக்கு ஒரு மெயில் போகும். இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி, கையெழுத்தும் சீலும் சரி. 'எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று ஒரு வரி மட்டும் கூடுதலாக இருக்கும். அனுப்புநர் முகவரியும் பார்க்க அதேதான். ஆங்கிலத்தில் சின்ன 'ஆர்', சின்ன 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' மாதிரி தெரியும் இல்லையா? 'எல்' இருக்கும் இடத்தில் எண் 1 போட்டாலும் கண் கவனிக்காது. மொபைல் ஸ்கிரீனில் பாதி நேரம் பெயர் மட்டும்தான் தெரியும். முகவரி தெரியவே தெரியாது.

பையர் பணத்தை அனுப்பிவிடுவார். ரெண்டு வாரம் கழித்து, 'பேமென்ட் இன்னும் வரலையே' என்று இங்கிருந்து மெயில் போகும்போதுதான் விஷயமே வெளியே வரும். சரக்கு கப்பலில் போயாச்சு, பணம் எங்கேயோ போயாச்சு. 'உங்க மெயில்லதான் ஹேக்', 'இல்லை, உங்க பக்கம்தான்' என்று சண்டை ஆரம்பிக்கும். ஒரு கன்டெய்னர் பணம் முடங்கினால், சின்ன கம்பெனியில் அது சம்பளத் தேதி வரை வந்து நிற்கும்.

இதே விளையாட்டு எதிர்த்திசையிலும் நடக்கலாம். வெளிநாட்டிலிருந்து கெமிக்கலோ, ஃபினிஷ்டு லெதரோ வாங்கும்போது ஏமாறுவது நம்ம பக்கம்.

கும்பகோணம் வங்கியில் நடந்தது

'பெரிய இடத்துல இதெல்லாம் நடக்காது' என்று நினைக்க வேண்டாம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கே 2018 பிப்ரவரியில் ஒரு சைபர் தாக்குதல் நடந்தது. அது இன்வாய்ஸ் மோசடி வகை கிடையாது. வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விஃப்ட்' அமைப்பு வழியாகவே மூன்று போலி உத்தரவுகள் போயின. துபாய், துருக்கி, சீனா எனப் போன மொத்தத் தொகை கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர்.

அனுப்பிய உத்தரவுகளுக்கு வரும் உறுதிச் செய்திகளை அச்சிடும் பிரின்டரும் வேலை செய்யாமல் முடக்கப்பட்டிருந்தது. பிறகு எப்படித் தெரிந்தது? பிப்ரவரி 7 அன்று கணக்கைச் சரிபார்த்தபோது, தாங்கள் அனுப்பாத மூன்று தொகைகள் கண்ணில் பட்டன. உடனே சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

இதில் நமக்கான விஷயம் ஒன்றுதான். திருடன் கையில் இருக்கும் அமைப்பு, திருட்டைக் காட்டிக்கொடுக்காது. தனியாக இன்னொரு பக்கம் கணக்குப் பார்த்ததால்தான் பிடிபட்டது. மெயிலில் வந்த சந்தேகத்தை அதே மெயிலில் 'ரிப்ளை' போட்டுக் கேட்டால், பதில் சொல்லப்போவதும் திருடன்தான்.

நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள்?

பாதுகாப்பு என்பது ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவைக்கும் பொருள் கிடையாது, தினமும் தொடரும் வேலை என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறார் அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னியர். ஆன்டி வைரஸ் போட்டாச்சு, வேலை முடிஞ்சுது என்று உட்கார முடியாது.

பாஸ்வேர்டு விஷயத்தில் நிபுணர்கள் கருத்தே மாறியிருக்கிறது. 'அடிக்கடி மாத்து, ஒரு சிம்பல் சேர்' என்ற பழைய அட்வைஸுக்குப் பெரிய காரணம், அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி என்ற தரநிலை நிறுவனம் முன்பு வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-ல் சொன்னார். காரணம் சிம்பிள். மாற்றச் சொன்னால் நாம் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குகிறோம், அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, நீளமான பாஸ்வேர்டு போதும், திருடு போனதாகத் தெரிந்தால் மாற்றினால் போதும் என்கிறது. கூடவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வைத்துக்கொள்வது நல்லது.

ஏ.ஐ வந்தபிறகு இன்னொரு தலைவலி. முன்பெல்லாம் போலி மெயிலில் இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருக்கும்; இப்போது அந்த அடையாளமும் போச்சு. குரலையும் முகத்தையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள். 2024 தொடக்கத்தில் 'அரூப்' என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒரு வீடியோ கால் பேசினார். அதில் இருந்த நிதி அதிகாரி, சக ஊழியர்கள் எல்லாருமே டீப்ஃபேக். 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. முதலாளி சென்னையில் தோல் கண்காட்சியில் இருக்கும்போது, அவர் குரலிலேயே 'தம்பி, அர்ஜென்ட், இப்பவே போடு' என்று வாய்ஸ் நோட் வந்தால்? குரலை நம்பாமல், அவர் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள்.

உங்க அக்கவுன்ட்டை வாடகைக்குக் கேட்டால்?

திருடிய பணம் நேராகத் திருடன் வீட்டுக்குப் போகாது. பல பேர் அக்கவுன்ட் வழியாகப் பிரித்து, சிதறடித்து, கடைசியில் ஏ.டி.எம்-மில் எடுப்பார்கள். இதற்கு உதவும் கணக்குக்கு 'மியூல் அக்கவுன்ட்' என்று பெயர். வேலை தேடும் இளைஞர்கள், காலேஜ் மாணவர்கள், சம்பளக் கணக்கு வைத்திருக்கும் தொழிலாளர்கள்தான் இதற்கு டார்கெட். 'அக்கவுன்ட்டும் சிம்மும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்', 'உன் கணக்குல பணம் வரும், கமிஷன் எடுத்துட்டு மீதியை அனுப்பு' என்று டெலிகிராமில் வரும் பார்ட் டைம் வேலை எல்லாம் இந்த ரகம்.

ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? எங்கேயோ ஒரு மாநிலத்தில் புகார் பதிவானால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். உங்கள் சம்பளமும் அதற்குள் மாட்டும். போலீஸ் விசாரணையில் முதலில் வருவது உங்கள் பெயர்தான். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே ரிப்போர்ட் செய்யலாம்.

ஆபீஸில் நாளைக்கே செய்ய வேண்டியவை

* பேங்க் டீடெயில் மாறியதாக மெயிலோ வாட்ஸ்அப்போ வந்தால், ஏற்கெனவே சேவ் செய்துவைத்த நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்கள். அந்த மெயிலிலேயே இருக்கும் நம்பர் வேண்டாம்.
* 'எங்கள் வங்கிக் கணக்கு மெயிலில் மாறாது, போனில் உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம்' என்று ஒவ்வொரு பையருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். இன்வாய்ஸிலும் அச்சடியுங்கள்.
* மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ரூல் இருந்தால் ஆபத்து.
* ஆளுக்கு ஒரு ஐடி. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லா ஐடிக்கும்.
* பெரிய தொகையை ஒருவர் டைப் செய்யட்டும், இன்னொருவர் சரிபார்த்து அப்ரூவ் செய்யட்டும்.
* ஆர்.டி.ஜி.எஸ், நெஃப்ட் அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது. உள்நாட்டுப் பேமென்ட்டுக்கு அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.
* கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஆபீஸ் மெயில் இருக்கும் போனில் நிச்சயம் வேண்டாம்.

ஜூனியர் ஸ்டாஃபுக்கு 'பாய், புது அக்கவுன்ட் நம்பர் வந்திருக்கு, நீங்கதானே அனுப்பினீங்க?' என்று முதலாளியிடமே கேட்கும் தைரியம் வேண்டும். அப்படிக் கேட்டவரைத் திட்டாத முதலாளியும் வேண்டும்.

பணம் போயிடுச்சு... இப்போ?

வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். உடனே 1930-க்கு அழையுங்கள். அது தேசிய சைபர் க்ரைம் ஹெல்ப்லைன். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அதே கையோடு உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர் வெளிநாட்டு பையர் என்றால், அவரும் அவருடைய வங்கியிடம் உடனே பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்ல வேண்டும். பிறகு தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம்.

போலி மெயிலை டெலீட் செய்யாதீர்கள், அதுதான் சாட்சி. மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் சைபர் தாக்குதல் பற்றித் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தயாராவதற்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் அந்த ஆண்டு செப்டம்பர் 25-லேயே முடிந்துவிட்டது.

பையருக்கு போன் போட்டு உறுதி செய்ய ரெண்டு நிமிஷம் ஆகும். இந்த வாரம் இன்வாய்ஸ் அனுப்பும் முன், அந்த போன் நம்பர் உங்களிடம் தனியாக எழுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.