ஆளை எடைபோட்ட பேரேடுகள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மொத்த வியாபாரிகள் வெளியூர்க் கடைக்காரர்களுக்குச் சரக்கைப் பெரும்பாலும் கடனுக்கே கொடுத்தார்கள். ஆறு மாதத் தவணை சாதாரணம். சரக்கெடுக்க நகருக்கு வரும் கடைக்காரர், உள்ளூர்ப் பெரியவர் எவரிடமாவது அறிமுகக் கடிதம் வாங்கி வருவார். கடிதத்தையும் ஆளையும் பார்த்து வியாபாரி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

1837இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியில் இந்த முறை ஆட்டம் கண்டது. கொடுத்த கடன் வசூலாகாமல் பல நிறுவனங்கள் முடங்கின. ஆர்தர் டப்பானின் பட்டு வியாபாரமும் அவற்றுள் ஒன்று. அங்கே பங்காளியாக இருந்த அவருடைய தம்பி லூயிஸ் டப்பான், 1841இல் நியூயார்க்கில் மெர்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். சந்தா கட்டும் வியாபாரிகளுக்கு, கடன் கேட்டு வருபவரைப் பற்றி விசாரித்துச் சொல்வதே அதன் தொழில்.

விசாரிக்கும் வேலையை ஊருக்கு ஊர் இருந்த நிருபர்கள் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள். சம்பளம் கிடையாது, அந்தப் பகுதியின் கடன் வசூல் வழக்குகள் அவர்களுக்கு வந்து சேரும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கனும் இப்படி ஒரு நிருபராக இருந்தவர்தான்.

சொத்து, கடன் ஆகியவற்றோடு வயது, குடும்பம், குடிப்பழக்கம், ஊரில் உள்ள பெயர் எல்லாம் அறிக்கையில் இடம்பெற்றன. நடத்தை, திறமை, முதல் என்ற மூன்றும் சேர்ந்ததே ஒருவரின் நாணயம் என்று கருதப்பட்டது. யோக்கியமானவர் என்று பெயரெடுத்தால் மட்டும் போதாது. சரக்கை அளவுக்கு மீறி வாங்கிக் குவிப்பவரா, வரவறிந்து செலவு செய்பவரா, முன்பு திவாலானவரா என்பதையும் பார்த்தார்கள். நேர்மையானவரிடம் தொழில் விவரம் இல்லாவிட்டாலும் கடன் மூழ்கிவிடும் என்பது அனுபவம் தந்த பாடம்.

அறிக்கைகள் பெரிய பேரேடுகளில் கையால் எழுதப்பட்டன. சந்தாதாரர் நேரில் வந்து கேட்டால் குமாஸ்தா படித்துக் காட்டுவார், நகல் தரமாட்டார். அவதூறு வழக்குக்கு அஞ்சியே இந்த எச்சரிக்கை. அப்படியும் வழக்கு வந்தது. ஓஹியோ மாநிலத்தின் நார்வாக் ஊரைச் சேர்ந்த பியர்ட்ஸ்லி என்ற வியாபாரி தொடுத்த வழக்கில், 1851இல் ஜூரிகள் டப்பானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்.

இந்த முறையின் பெரிய குறை, நிருபரின் மனச்சாய்வும் தகவலாகவே பதிவானது. யூத வியாபாரிகளைப் பற்றிய குறிப்புகளில், அவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டியவர்களாக இருந்தபோதும், இனத்தைச் சுட்டும் சந்தேகம் அடிக்கடி தலைகாட்டியது.

1849இல் ஜான் பிராட்ஸ்ட்ரீட் சின்சினாட்டியில் போட்டி நிறுவனம் தொடங்கினார். மெர்கன்டைல் ஏஜென்சி 1859இல் ராபர்ட் கிரகாம் டன் கைக்கு வந்தது. நீண்ட வர்ணனைகள் சுருங்கி, எழுத்தும் எண்ணுமாக மதிப்பீடு தரும் அச்சுப் புத்தகங்கள் வெளிவந்தன. இரு நிறுவனங்களும் 1933இல் ஒன்றிணைந்தன. இதற்கிடையில், 1912இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்த வங்கியாளர் ஜே. பி. மார்கன், கடன் கொடுக்கும்போது பணத்துக்கும் சொத்துக்கும் முன்னால் குணத்தையே பார்ப்பதாகச் சொன்னார்.

தனிநபர் கடனில் அந்தக் குணத்தை யார், எதை வைத்து அளப்பது என்பதற்கு அமெரிக்கச் சட்டம் பின்னர் வரம்பு வகுத்தது. தன்னைப் பற்றிய பதிவை அறியவும், தவறு இருந்தால் திருத்தக் கோரவும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. கடன் தருவதில் பால், மணநிலை பார்ப்பதை 1974ஆம் ஆண்டுச் சட்டமும், இனம், மதம் பார்ப்பதை 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுத்தன. இந்தியாவில் 2000இல் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண், வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் வைத்து 300 முதல் 900 வரை அமைகிறது. ஊரார் அபிப்பிராயத்துக்கு அதில் இடமில்லை.