கடல் கடந்த மருத்துவக் கல்வி

மலாக்கா மாநிலத்தில் உழைப்பும் மருத்துவ அறிவும் ஒரே கடல்வழியே வந்தன. 1896-இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். புக்கிட் அசகான் முதலிய தோட்டங்கள் பின்னர் எழுந்தன. பால்மரம் சீவத் தமிழர் கப்பலேறி வந்தனர். மலேரியாக் காய்ச்சல் அவர்களுள் பலரைப் பலிகொண்டது.

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்புநீரை வடித்து நோயைத் தணித்தார். இந்திய மண்ணில் பிறந்த அறிவு மலாயாவில் செயலாயிற்று. ஆயினும், தோட்டத் தொழிலாளிக்கு அன்றாடம் வாய்த்தவர் பட்டம் பெற்ற மருத்துவரல்லர், டிரெசரே.

அக்குறையை நோக்க, 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி தோன்றியதன் சிறப்பு விளங்கும். அதன் மாணவர் கருநாடக மாநிலத்து மணிப்பாலில் இரண்டரை ஆண்டு அடிப்படைப் பாடங்களைக் கற்றனர். பின்னர் மலாக்கா, மூவார் மருத்துவமனைகளில் இரண்டரை ஆண்டு பயிற்சி பெற்றனர். 2021-இல் அக்கல்லூரி, மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா எனப் பெயர் மாறிற்று.

இப்பரிமாற்றத்தில் ஆசான் யார்? பேராசிரியர் மட்டும் அல்லர்; நோயாளியும் ஆசானே. “நெஞ்சை அடைக்குது” என்னும் தோட்டத்து மூதாட்டியின் சொல்லை எந்தப் பாடநூலும் விளக்காது. அறிவு கடல் கடந்து வரலாம். அதனைப் பயன்கொள்ளும் செவியோ நோயாளியின் ஊரிலேயே பழக வேண்டும். தமிழ் கற்ற மருத்துவர் தேவைப்படுவது இதனாலன்றோ?